முன்சீட்டு மடி

பிப்ரவரி 2, ஞாயிறு

நல்ல செய்தி நிறைய. பேத்தி ரவான் மருந்தாளர் படிப்பில் இந்த ஆண்டும் முதல் வகுப்பு. அவள் தம்பி லைத் விமானப்படைத் தேர்வில் தேறிவிட்டான். எங்கள் கெரக் ஊரிலிருந்து போன பதினோரு பேரில் அவன் ஒருவன்தான். அம்மானில் இருக்கும் என் மகள் சுஹாதின் சின்னவள் சதுரங்கத்தில் கோப்பை வாங்கினாள். அந்த விளையாட்டு எனக்குப் புரியாது, கோப்பை பெரியது. ரவானின் குட்டித் தங்கை தாலீனுக்கு எட்டு மாதம், கீழே இரண்டு பல். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன எனக்கு வாய்த்த கூட்டம் இது.

ரவானின் அப்பா, என் மகன் முஹன்னத், புதுக் காரும் வாங்கிவிட்டான். வெள்ளிதோறும் சுஹாத் வீட்டில் சாப்பாடு. முன்சீட்டு எனக்கு, தாலீன் என் மடியில். மருமகள் அபீர் தன் சம்பளத்தில் காருக்கென்று குழந்தை நாற்காலி வாங்கியிருந்தாள். பெயர் வைத்த விருந்தில் எல்லார் முன்னாலும் கேட்டேன்: "எனக்கு ரெண்டு கை இருக்கும்போது பிள்ளைய எதுக்குக் கூண்டுல கட்டணும்?" எல்லாரும் சிரித்தார்கள். நாற்காலி வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் போயிற்று.

பிப்ரவரி 7, வெள்ளி

அங்கியை ஊறவைத்துவிட்டு எழுதுகிறேன்.

வழியில் கத்ரானா ஊர் தாண்டி ஆட்டுமந்தை சாலையில் ஏறியது. முஹன்னத் என் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தான். பிரேக். தாலீன் என் கையில் இல்லை. நான் விட்டேனா? விடவில்லை. ஆனால் இல்லை. காரின் முன்பலகையில் வாய் மோதி உதடு கிழிந்து, என் அங்கியின் பூவேலையெல்லாம் ரத்தம்.

எனக்கும் பெல்ட் இல்லை. போட்டால் முஹன்னத் முகம் சுருங்கும், "என் மேல நம்பிக்கை இல்லையா யம்மா" என்பான். கார் கத்தாமலிருக்க அதை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, அதன்மேல் சாய்ந்து உட்காருகிறவள் நான்.

சுஹாத் வீட்டில் கேட்டார்கள். பல் முளைக்கிற எரிச்சலில் தானே கடித்துக்கொண்டாள் என்று என் வாய் சொல்லிவிட்டது. முஹன்னத் தட்டையே பார்த்தான். அபீர் என்னை ஒரு தடவை பார்த்தாள், பிறகு சோற்றின்மேல் தயிர்க் குழம்பை ஊற்றினாள்.

திரும்பும்போது முஹன்னதே பிள்ளையை எடுத்து என் மடியில் வைத்தான். எனக்கு மரியாதை செய்கிறானாம். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்டால்? இரண்டு மணி நேரம் இறுக்கிப் பிடித்தேன். இறுக்க இறுக்க அவள் அழுதாள். எதிரே லாரி வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 8, சனி

உதடு வீங்கிவிட்டது, பால் குடிக்க முடியாமல் அழுகிறாள். அபீர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தாலாவது—

பிப்ரவரி 11, செவ்வாய்

ரவான் கல்லூரியிலிருந்து வந்திருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, பத்துக் கிலோ மாவுப் பையை மடியில் வைத்து, சொல்லாமல் கொள்ளாமல் இழு என்றேன். இழுத்தாள். பை தரையில். நான் தயாராக இல்லை, மறுபடியும் என்றேன். இந்தமுறை பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். பை போனதோடு வெடித்தும் விட்டது.

சிரிப்பாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் ஒரு கையால இழுத்ததுக்கே இப்படி. கார் இழுக்குற இழுப்புக்கு லைத்தோட பட்டாளமே வந்தாலும் நிக்காது பாட்டி." உதட்டுக் கதை அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு வாரத்து ரொட்டி தரையில் கிடந்தது. இரண்டு பேரும் கூட்டி அள்ளினோம்.

சொன்னால் என் பேச்சுக்கு இருக்கிற மதிப்பு போகும், முஹன்னத் கார் ஓட்டுகிற பெருமையும் போகும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

பிப்ரவரி 13, வியாழன்

தூக்கத்தில் கை மூடிக்கொள்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

எல்லாரும் வாசலில். முஹன்னத் முன்கதவைத் திறந்து பிள்ளையை நீட்டினான். நான் ஏறவில்லை. வெங்காய அறையில் இருக்கிறதை எடுத்து வா என்றேன்.

"ஒரு ஆட்டுக்காகவா யம்மா? நான் ஓட்டுறதுல நம்பிக்கை போயிடுச்சா?"

"நீ ஓட்டுறதைச் சொல்லலடா. என் கையைச் சொல்றேன். அன்னிக்கு அவ உதட்டைக் கடிச்சுக்கல. நான் பிடிக்கல. பிடிக்க முடியல."

அண்டை வீட்டு உம்மு ஸியாதும் நின்றிருந்தாள். கேட்கட்டும்.

முஹன்னத் சாவியைப் பையில் போட்டான். பிறகு அவனே போய் நாற்காலியைத் தூக்கி வந்தான். வெங்காயத் தோலை ஊதித் தள்ளி, அபீர் பின்சீட்டில் பொருத்தினாள். எனக்கு அதன் பக்கத்து இடம். என் பெல்ட்டை நானே மார்புக்குக் குறுக்கே இழுத்து மாட்டினேன். அபீர் பிள்ளையின் பட்டையைத் தடவிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இறுக்கணும் அத்தை, நீங்களே இழுங்க" என்றாள். ஒரு வாரம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு.

கத்ரானா வரை தாலீன் என்னைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுதாள். அவளும் கட்டுக்குள், நானும் கட்டுக்குள். தூக்கவில்லை. விரலை மட்டும் கொடுத்தேன்.

போய் இறங்குமுன் அபீரிடம் சொன்னேன்: "இப்படியே ஒரு போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவுல போடு." அழுத முகம், மூக்கு ஒழுகுகிறது, துடைத்துவிட்டுப் போடவா என்று கேட்டாள். அப்படியே போடு, பட்டை மட்டும் நன்றாகத் தெரியட்டும் என்றேன்.