அறுபத்தொன்பதாம் ஆண்டுக் குமிழ்

6 செப்டெம்பர் 2024, வெள்ளி

இன்றும் ஒரு பார்சல், இன்றும் ஏமாற்றம். "ஒரிஜினல்" கியர்க்குமிழ் என்று விளம்பரத்தில் போட்டிருந்தான். பிரித்த உடனேயே தெரிந்துவிட்டது. புதிதாகப் பல் கட்டியது போல வெள்ளை. ஐம்பத்தைந்து வருடத்துக் குமிழ் கொஞ்சமாவது பழுத்திருக்க வேண்டாமா? கியர்த்தடியில் வைத்துத் திருகினால் இரண்டு சுற்றோடு இறுகிவிட்டது. அமெரிக்க மரையில் ஜெர்மன் மரை எப்படி ஏறும்?

இந்த அமெரிக்க மஸில் காரை வாங்கிப் பதினொரு வருடம். எஞ்சின், சீற், கண்ணாடி எல்லாம் 1969இல் இருந்தபடியே சேர்த்துவிட்டேன். மிச்சம் இந்தக் கியர்க்குமிழ் ஒன்றுதான். அது வந்த பிறகுதான் யாரையும் காரில் ஏற்றுவது என்று வைத்திருக்கிறேன்.

மத்தியானம் தங்கச்சி கஜந்தி கோயிலால் வந்தாள். அவளிடம் என் வீட்டுக் கதவுத் திறப்பு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளியும் வந்து விளக்கேற்றி, சோறு வைத்துவிட்டுப் போவாள். கல்யாணம் கட்டாத அறுபத்திரண்டு வயதுக்காரனிடம் வேறு யார் வரப்போகிறார்கள்? காரில் தன்னை எப்போது ஏற்றுவேன் என்று இன்றும் கேட்டாள். குமிழ் வரட்டும் என்றேன்.

2 ஒக்டோபர், புதன்

வந்துவிட்டது. ஹாலே நகரில் சாண்ட்ரா என்ற பெண், செத்துப்போன தகப்பனின் சாமான்களை விற்கிறாள். அதற்குள் இருந்தது. தயிர் ஏட்டு நிறம், எண்களுக்குள் அந்தக் காலத்துக் கறுப்பு மை, பின்னோக்கிப் போகும் கியர் இடப்பக்கம். ஏழு சுற்றுச் சுற்றிச் சரியான இடத்தில் வந்து நின்றது.

கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கராஜில் ஈரம். கார் நம்பரும் கோடைக்கு மட்டும் எடுத்தது, இந்த மாதத்தோடு முடிகிறது, ஏப்ரல் வரை தெருவில் ஓட ஏலாது. ஏப்ரலில் பூட்டலாம்.

11 ஒக்டோபர், வெள்ளி

ஆயுத பூசை. கராஜிலிருந்து வந்தால் வீடெல்லாம் சந்தன மணம். சரஸ்வதி படத்துக்கு முன்னால் என் ஸ்பானர்கள், குறடு, ஸ்குரூ டிரைவர் எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக, குங்குமப் பொட்டோடு. இந்த வருடம் ஏனோ பெரிய படையல், வடை பாயாசத்தோடு. நடுவில் குமிழ்.

விளக்குகளோடு சேர்த்துப் புளியில் ஊறப்போட்டுத் தேய்த்திருக்கிறாள். மை போய்விட்டது. மினுக்கம் போய்விட்டது.

"அழுக்காக் கிடந்தது அண்ணை. நீங்கள் ஆசையா வாங்கினது, சாமிக்கு வைக்காமல் விடலாமே?"

நான் சொன்னதையும் எழுதத்தான் வேண்டும்.

"என்ர சாமானில கை வைக்க நீ ஆர்?"

அவள் குங்குமக் கையைச் சேலையில் துடைத்தாள். திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தொட முதல் ஒரு சொல் கேட்டிருக்கலாம்தானே? நான் எத்தனை மாதம் தேடினது — கேட்டிருக்கலாம்தானே?

18 ஒக்டோபர், வெள்ளி

வரவில்லை.

25 ஒக்டோபர், வெள்ளி

மணி அடித்தது. ஓடிப்போய்த் திறந்தேன். பக்கத்து வீட்டுக்கு வந்த பார்சலை என்னிடம் கொடுக்க வந்தவன்.

9 நவம்பர், சனி

தமிழ்க் கடைக்குப் போனேன். தங்கச்சி பேர்லினுக்குப் போன பிறகு சாப்பாட்டுக்கு என்ன செய்கிறேன் என்று கடைக்காரர் குருமூர்த்தி கேட்டார். அவள் போனது எனக்கு முன்னமே தெரியும் என்ற மாதிரி, சமைக்கிறேன் என்று சமாளித்தேன்.

கஜந்தியின் மகள் தக்சாயினிக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம். பார்த்துக்கொள்ள பேர்லினில் மகள் இருக்கும் நொய்கெல்னுக்கே குடிபோய்விட்டாளாம். செப்டெம்பரிலேயே முடிவு செய்தாளாம். எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல், பூசையன்று சொல்லுவம் என்று வைத்திருந்தாளாம்.

அதுதான் அந்தப் படையல். இந்த வீட்டில் அவள் வைத்த கடைசிப் பூசை. நான் கேட்டது, நீ ஆர் என்று.

வெங்காயம் வாங்கப் போனவன் வெறுங்கையோடு திரும்பி வந்தேன். பஸ்ஸில் அழுதுவிட்டேன்.

14 ஜனவரி 2025, செவ்வாய்

பொங்கல். போன் எடுத்தேன். நன்றாகத்தான் கதைத்தாள். குளிரைப் பற்றி, பேரனுக்குப் போட்ட ஊசியைப் பற்றி. வீட்டுக்கு வந்த விருந்தாளியோடு கதைக்கிற மாதிரி. மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் எடுத்தேன். வாய் வரவில்லை.

3 மார்ச், திங்கள்

சாண்ட்ரா தகப்பனின் இன்னொரு பெட்டியில் அதே மாதிரிக் குமிழ் கண்டெடுத்து அனுப்பியிருக்கிறாள். மையும் அப்படியே. பூட்டிவிட்டேன். பதினொரு வருட வேலை முடிந்தது. படம் எடுத்தேன், அனுப்ப ஆள் இல்லை.

5 ஏப்ரல், சனி, பேர்லின்

விடிய வெளிக்கிட்டு அந்தக் காரிலேயே ஆறு மணித்தியாலம். கஜந்தி வீட்டுச் செருப்போடு கீழே இறங்கி வந்தாள். தெருவில் வைத்தே சொன்னேன்.

"அண்டைக்கு நான் கதைச்சது பிழை, பிள்ளை."

"அதை விடுங்கோ அண்ணை."

கார்க் கதவைத் திறந்துவிட்டேன், ஏறினாள். பதினொரு வருடத்தில் முதல் தடவை. எஞ்சின் சத்தத்துக்கு ஒருமுறை சிரித்தாள். பேரன் தன் மூக்கோடு பிறந்திருக்கிறான் என்றாள். சந்தோசமாகத்தான் இருந்தது.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது, குமிழைப் பிடித்துப் பார் என்றேன்.

"வேண்டாம் அண்ணை. ஏதும் ஆகிப்போடும்."

கோபமில்லை அவளுக்கு. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்தபடி நொய்கெல்ன் முழுக்கச் சுற்றி வந்தாள். வீட்டு வாசலில் நிறுத்தினேன். நான் இறங்கி அந்தப் பக்கம் வந்து திறக்கும்வரை கதவைத் தொடாமல் இருந்தாள்.