தெருவுக்கே ஒரு நம்பர்

பெருமாள் துணை

பட்டாபிராம்,
வெள்ளிக்கிழமை.

என் செல்ல மகன் ஜெகதீஷுக்கு அம்மா சரசா எழுதுவது. திருநின்றவூர்ப் பெருமாள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் மனைவி அகல்யாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். டாலஸில் குளிர் அதிகம் என்று சொன்னாய். காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாதாமாதம் அனுப்பும் வீட்டுக் கணக்கு இதில் இல்லை, அது தனியாக வரும். போனில் நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நீ ரெண்டு பதில் சொல்லிவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்ப அப்பாவிடம் சொல்கிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ எனக்கு ஒரு வேலை கொடுத்தாய். அகல்யாவுக்கு விசா வந்துவிட்டது, மாசக் கடைசிக்கு டிக்கெட் போடப் போகிறேன், அவளை வேலையை விட்டுவிடச் சொல் என்றாய். நான் சொன்னால் சண்டை வருகிறது, நீ சொன்னால் கேட்பாள் என்றாய். இன்னும் ரெண்டு மாசம் வேண்டும் என்று அவள் உன்னிடம் கேட்டாளாமே. அதைச் சொல்லும்போது, “அது ஒரு வெப்சைட்மா, அவ இல்லன்னா வேற யாராவது முடிப்பாங்க” என்று சிரித்தாய். அந்த வெப்சைட் இங்கே என்ன செய்தது என்று உனக்குத் தெரியாது. அவள் சொல்லியிருக்க மாட்டாள். நான் சொல்கிறேன்.

ஆவடியில் ஒரு டிரஸ்ட் டயாலிசிஸ் சென்டர் நடத்துகிறது. கிட்னி கெட்டவர்களுக்குக் காசு வாங்காமல் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். மெஷின் கொஞ்சம், வருகிறவர்கள் நிறைய. முன்பெல்லாம் இருட்டோடு போய் வரிசையில் நின்று முறை வாங்க வேண்டும். அந்த அலைச்சல் வேண்டாம் என்று, போனிலேயே முறை பதிவு செய்ய அகல்யாவின் ஆபீஸில் அந்த வெப்சைட் பக்கத்தைச் செய்து கொடுத்தார்கள். எது முதலில் வர வேண்டும், எதைத் தொட்டால் எது திறக்க வேண்டும் என்று வரைந்தது எல்லாம் அவள்தான். அது ஓட ஆரம்பித்த அன்று பெருமாளுக்குத் துளசி மாலை சாத்திவிட்டு வந்தேன்.

நம் தெருவில் ரெண்டு பேர் அங்கே போகிறார்கள். ஒருவர் எதிர்வீட்டுப் பஞ்சவர்ணத்தின் வீட்டுக்காரர் ஏகாம்பரம். அப்பாவோடு பாடி கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டினாரே, அவர். இன்னொருவர் மூலைவீட்டு நாகப்பன். நம் தெரு வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். கேஸ் சிலிண்டருக்கும் கூரியருக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் எல்லோரும் என் நம்பரைத்தான் கொடுப்பார்கள். அவர்கள் போனில் காசு இருக்கும், இருக்காது. போனை எடுத்துக்கொண்டு ஆள் வேலைக்குப் போயிருக்கும். நான் எப்போதும் வீட்டில் இருப்பவள், வந்த செய்தியை நடந்து போய்ச் சொல்லிவிடுவேன். எனக்கும் அது ஒரு கைங்கரியம் மாதிரி.

தீபாவளி கழிந்த வாரம் என் நம்பரைப் போட்டு ஏகாம்பரத்துக்குப் புதன்கிழமை முறை வாங்கிக் கொடுத்தேன். அதற்கப்புறம் நாகப்பனின் மகள், காலேஜில் இருந்தபடியே தன் அப்பாவுக்கு வியாழக்கிழமை கேட்டிருக்கிறாள். அவளும் என் நம்பரையே போட்டுவிட்டு எனக்குச் சொன்னாள். அந்தப் பக்கத்துக்கு ஒரு நம்பர் என்றால் ஒரு ஆள். அதே ஆள் கிழமையை மாற்றிக்கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டு, ஏகாம்பரத்தின் புதன்கிழமையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டது. யார் பெயரும் இல்லாமல், முறை வியாழனுக்கு மாறியது என்று மட்டும் எனக்குச் செய்தி வந்தது. நாகப்பன் சமாசாரம் என்று நினைத்து அவர் வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை ரயிலேறிப் போன ஏகாம்பரத்திடம் உங்கள் பெயர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மெஷினும் காலியில்லை. புருஷனும் பெண்டாட்டியும் அப்படியே திரும்பி வந்தார்கள். மறுநாள் காலையில் அவருக்கு முகமெல்லாம் வீங்கி மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. அப்பாதான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நாலு நாள் உயிர் இழுபறியாக இருந்து பிழைத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பஞ்சவர்ணம் நேராக நம் வாசலில் நின்றாள். “பொட்டி தட்டிக்கினே எம் புருசன பொட்டில வெக்கப் பாத்தாளே உன் மருமவ” என்று தெருவே கேட்கக் கத்தினாள். நான் தடுக்கத் தடுக்க அகல்யா வெளியே வந்தாள். “ஒரு நம்பருக்கு ஒரு ஆளுன்னு முடிவு பண்ணது நான்தான்க்கா” என்றாள். ஒரே ஆள் ரெண்டு முறையைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று போட்ட விதியாம். ஆபீஸில் எல்லோரும் சரி என்றுதான் சொன்னார்களாம். அதையெல்லாம் எனக்கு அப்புறம்தான் சொன்னாள். வாசலில் ஆபீஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பஞ்சவர்ணம் அதைக் கேட்டுவிட்டு, “நீ ஒரு தபா எங்களோட வா. அங்க ஒக்காந்து பாரு, இன்னா நடக்குதுன்னு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் கோபத்தில் சொன்னதை இவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். ஏகாம்பரத்துக்கு முறை இருக்கும் நாளெல்லாம் அவர்களோடு ஆவடிக்குப் போய், சென்டர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். யாருடைய போனை யார் வைத்திருக்கிறார்கள், யார் கண்ணாடி இல்லாமல் வந்திருக்கிறார்கள், எந்த இடத்தில் விரல் தயங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாளாம். சொல்லிக் கொடுக்க வாய் துடிக்குமாம். சொல்லிக் கொடுத்தால் எங்கே இடறுகிறது என்பது தெரியாமலே போய்விடுமாம், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாளாம். வாயாடிப் பெண், அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் விளக்கு பூஜை முடிந்ததும், தான் புதிதாகச் செய்யும் பக்கத்தைப் பெண்களிடம் கொடுத்தாள். இப்போது அது முதலில் நம்பரைக் கேட்பதில்லை, யாருக்காக என்று கேட்கிறது. பஞ்சவர்ணம் விறுவிறுவென்று தட்டிக்கொண்டு போனவள், நோயாளியின் பெயர் என்ற இடத்தில் நின்றுவிட்டாள். போனை என் பக்கம் நீட்டினாள். அகல்யா ஒன்றும் புரியாமல் பார்க்கிறாள். கடைசியில் பஞ்சவர்ணம், “அவரு பேர நான் எப்டிமா எழுதுவேன்? கட்டிக்கினு வந்த நாள்லேந்து சொன்னதே கெடயாது” என்றாள். “திட்டறப்ப மட்டும் பேரே தேவப்படாதே உனக்கு” என்று நாகப்பன் சம்சாரம் இழுக்க, எல்லோரும் சிரித்துவிட்டோம். அகல்யா மட்டும் சிரிக்கவில்லை. எத்தனை பேர் இப்படி அந்த இடத்தில் நின்றுபோயிருப்பார்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். சென்டர் அட்டையில் உள்ள எண்ணைப் போட்டால் பெயர் தானாக வரும்படி இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் இதெல்லாம் முடிகிறவரை பழைய பக்கம்தான் ஓடுகிறது. யார் முறையையும் அது இன்னொரு தடவை விழுங்கிவிடலாம். அதனால் அகல்யா தினமும் காலையில் சென்டர் நர்ஸைக் கூப்பிட்டு, ஒரே நம்பரில் வந்தவர்களையெல்லாம் ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்துவிட்டுத்தான் டிபன் சாப்பிடுகிறாள். வேறு யாராவது முடிப்பார்கள் என்று நீ சொன்னது பொய் இல்லை. முடிப்பார்கள். ஆனால் அவர்களும் அந்தப் பெஞ்சில் முதலிலிருந்து உட்கார வேண்டும்.

பெண்டாட்டி புருஷனோடு இருக்க வேண்டும் என்று நினைக்கிறவள்தான் நான். நீ அங்கே ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுப்பதை நினைத்தால் எனக்கும் சோறு இறங்குவதில்லை. அவளுக்கு மட்டும் இருக்காதா? பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். அது திறந்தபடியே கிடக்கிறது. ஒரு துணிகூட உள்ளே போகவில்லை, மூடித் திரும்பப் பரணில் ஏற்றவும் இல்லை. அந்த விசாவில் அங்கே வந்தால் அவள் வேலைக்குப் போக முடியாதாமே. அதை அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ என்னிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததும், அவர் என்ன சொன்னார் அத்தை என்று வந்து கேட்டாள். குளிர் அதிகமாம் என்றேன். அவ்வளவுதானா என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றேன். நீ கொடுத்த வேலையை நான் செய்யவில்லை, தம்பி. செய்யவும் மாட்டேன். உன்மேல் பிரியம் குறைந்து இல்லை. நான் சொன்னால் அவள் விட்டுவிடுவாள், அதனால்தான்.

உனக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார். அவளுக்குப் போடுகிற டிக்கெட்டை இந்தத் தடவை உனக்குப் போட்டுக்கொண்டு வா. வந்து ஒரு புதன்கிழமை அவள் பக்கத்தில் உட்கார். அதற்கப்புறம் நீங்கள் ரெண்டு பேரும் பேசி எந்த முடிவுக்கு வந்தாலும், அந்தப் பெட்டியை நானே அடுக்கிக் கொடுக்கிறேன்.

எந்த ஊராக இருந்தாலும் சரி, நீயும் அவளும் ஒருவர் முகம் பார்த்து ஒருவர் சாப்பிடும் நாளைப் பெருமாள் சீக்கிரம் கொடுக்கட்டும்.

ஆசிகளுடன்,
அம்மா