சேற்றில் நின்ற தொங்காங்

வெள்ளி
காலையிலிருந்து வெக்கை. நாளை தஞ்சோங் ஹராப்பானில் தொங்காங் போட்டி. பழைய மரச் சரக்குப் படகுகள், பாய் மட்டும்தான், இஞ்சின் கூடாது. என் வீட்டுக்காரர் ஒன்றில் சுக்கான் பிடிக்கிறார். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். ஓய்வு பெற்று இரண்டு வருடம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
எடுத்துப்போக: குடை, தண்ணீர், ரொட்டி, நெத்திலி சம்பால்.

சனி
ஒன்பதுக்கே நல்ல வெயில். கரையில் கூட்டம். ஆறு படகுகள், காவி நிறப் பாய்கள். இவருடையது மூன்றாவது, பிறகு இரண்டாவது. ஆற்றுமுகத்தில் மற்றவர்கள் நடுவே போக, இவர் மட்டும் குறுக்குவழியென்று கரையோரமாகத் திருப்பினார். என் பக்கத்தில் பைனாகுலரோடு ஒரு தம்பி.
"அக்கா, அந்தப் பக்கம் தண்ணி வத்திப் போச்சு. மாட்டிக்குவாங்க லா."
மாட்டினார்கள். படகு மெதுவாகச் சாய்ந்து சேற்றில் நின்றது. மற்றவை தாண்டிப் போய்விட்டன. தண்ணீர் ஏற மதியம் மூன்று மணி ஆகிவிடுமாம். கோபம். கொஞ்சம் சிரிப்பும்.
போன். இவர்தான்.
"பாத்தியா?"
"எல்லாரும்தான் பாத்தாங்க."
"சாப்டியா?"
பைனாகுலரை இரவல் வாங்கினேன். கண்ணில் முகம், காதில் குரல்.
"சரசு, ஒண்ணு சொல்றேன், கத்தாத. போன மாசம் ஆஞ்சியோ செய்யச் சொன்னாங்க. ஹார்ட்ல அடைப்பு இருக்கலாமாம். நான் போகல."
"ஏன்?"
"பயமா இருந்துச்சு. வீட்ல உன் முகத்தப் பாத்துச் சொல்ல முடியல."
கத்தவில்லை. எழுந்து போக அவருக்கு வழியில்லை, போய்ப் பிடிக்க எனக்கும் வழியில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம்.
2.50 படகு நிமிர்ந்தது. கடைசி இடம். கரையில் கைதட்டல். இவருக்கு முழங்கால்வரை சேறு.

ஞாயிறு
மழை. இரண்டு முறை துவைத்தும் சட்டையில் சேற்று வாடை. ஷா ஆலமிலிருந்து மகள் வந்தாள். அப்பாவைத் திட்டினாள், பிறகு அழுதாள். மீன் கறி நன்றாக அமைந்தது.

திங்கள்
ஹாஸ்பிட்டலுக்கு நானே போன் செய்தேன். யாரோ வரவில்லையாம், வியாழன் இடம் கிடைத்தது.
"இவ்ளோ சீக்கிரமா?" என்றார். காலண்டரில் வியாழனை வட்டமிட்டேன்.

வியாழன்
மேகமூட்டம். ஏழுக்கே வந்துவிட்டோம். இவருக்குப் பின்பக்கம் கட்டும் பச்சைச் சட்டை மாட்டிவிட்டார்கள். "முதுகுல காத்து அடிக்குது." 9.15 உள்ளே. வாட்ச், கண்ணாடி, பல் செட் என் கைப்பையில். காப்பி வாங்கினேன், குடிக்கவில்லை.
11.20 முடிந்தது. ஒரு அடைப்பு, ஸ்டென்ட் வைத்தாயிற்று. பார்க்க விட்டார்கள். முதலில் பல்லைத்தான் கேட்டார்.