நாமக்கோழி பெண்பால்தான், நஸீமா

என் செல்ல நஸீமா,

முதலில் சேதி. செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பறவைப் பலகையில், நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நம் நாமக்கோழியின் லத்தீன் பெயர் இப்போது சரியாக இருக்கிறது. திருத்தியது நான்தான்.

நீ காய்ச்சலில் போன பிறகு நலச்சங்கத்தில் புதுப் பலகை வைத்தார்கள். அதிலும் அதே ‘ஃபூலிகா ஆட்டெர்’. போன வருடம் நலச்சங்கச் செயலாளரிடம் நீ எவ்வளவு பொறுமையாகச் சொன்னாய்! "சார், ஃபூலிகான்றது ரோமாபுரிக்காரங்க இந்தக் கோழிக்கே வச்ச பேரு. பெண்பால். கூட வர்ற கறுப்புன்ற சொல்லும் பெண்பாலா மாறணும். ஆட்டெர் இல்ல, ஆட்ரா."

"பூந்தமல்லில பர்தா தைக்கிற அம்மாவுக்கு லத்தீன் எதுக்கும்மா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற நானும் வாய் திறக்கவில்லை. அதை நீ மன்னித்தாயா? கேட்பதற்குள் உன்னை அடக்கம் செய்துவிட்டோம்.

தையல் மெஷின் பக்கத்தில் போனை வைத்து நீயே படித்த லத்தீன் அது. அன்று குமணன்சாவடி சிக்னலில் பஸ் நின்றபோது பொரிந்தாய்: "இன்னாக்கா, கறுப்பப் பத்தி எனக்கா தெரியாது? லத்தீன்ல ரெண்டு கறுப்பு கீது. நீர்க்காகம் மாதிரி மின்னுனா நைகர், சாட்டின் துணி. நாமக்கோழி மாதிரி மங்குனா ஆட்டெர், காட்டன். தொட்டே சொல்லுவேன்!"

இந்த ஞாயிறு காலை வெள்ளைப் பெயின்ட், கறுப்புப் பெயின்ட், பிரஷ்ஷோடு போனேன். நடைப்பயிற்சிக்காரர்கள் பார்க்கப் பார்க்க, ‘ஆட்டெர்’ரின் கடைசி இரண்டு இங்கிலீஷ் எழுத்தை அழித்தேன். செயலாளர் ஓடி வந்தார்.

"இன்னாம்மா பண்ற? போலீஸக் கூப்புடுவேன்!"

"கூப்புடுங்க சார். அவங்களுக்கும் இலக்கணம் சொல்றேன்."

கறுப்பில் பிரஷ்ஷைத் தோய்த்தேன், நஸீமா. ‘ரா’ என்று எழுதி முடித்தேன். நடக்க வந்த ஒரு பெண் போனில் தேடிப் பார்த்து, "ஆட்ரான்னுதான் சார் போட்டிருக்கு" என்று சத்தமாகவே படித்தாள். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"சரி, இனிமே ஒரு வார்த்த கேட்டுட்டு செய்."

"கேட்டாளே சார், எங்க நஸீமா. போன வருஷமே கேட்டாளே."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. என் கடைசி எழுத்து கொஞ்சம் கோணல். இருக்கட்டும்.

கோவில்பதாகை ஏரியிலும் பலகை வைக்கப்போகிறார்களாம். முதல் ஆளாகப் போய்ப் படிப்பேன். தப்பு இருந்தால் உன் பேரைச் சொல்லியே கேட்பேன், நின்று பதில் வாங்காமல் வரமாட்டேன். இது சத்தியம்.

கூடப்பிறக்காத உன் அக்கா,
வசந்தி