பதினோராம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு

அனுப்புநர்:
ஊழியர் எண் 4417-இன் மனைவி (கணவர் காலமானார்),
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
மூன்றாம் மாடி, நூலகத்துக்கு எதிர்க் கட்டடம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
ஊழியர் பயணப் பிரிவு,
விமான நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: வெள்ளிக்கிழமை விமானத்தின் முதல் வகுப்புக் காத்திருப்புப் பட்டியலில் என் இடத்தைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் தங்கள் நிறுவனத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் விமான இருக்கைகளைப் பழுதுபார்த்தவர். அவர் வழியாக எனக்குள்ள பயணச் சலுகையில் வெள்ளிக்கிழமை மகள் வீட்டுக்குப் புறப்படுகிறேன். சாதாரண வகுப்பில் இடம் உறுதி. முதல் வகுப்பில் இருக்கை மிஞ்சினால், பணியில் சேர்ந்த தேதி வரிசைப்படி ஊழியர் குடும்பங்களுக்குத் தருவது தங்கள் வழக்கம்.

2. இன்று காலை எட்டு இருக்கைகளில் மூன்று காலி. பட்டியலில் பதினொரு பேர், நான் பதினோராவது. முன்னால் உள்ள பத்துப் பேரில் எட்டுப் பேர் பின்வாங்கினால்தான் எனக்கு இடம். இதற்குத் தங்கள் இணையதளம் ‘வாய்ப்பு உண்டு’ என்று பச்சை நிறத்தில் சொல்கிறது. என் மாணவி இப்படி விடை எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

3. காரணத்தை நானே கண்டுபிடித்தேன். கணவர் இறந்தபின் என் பெயரில் புதிய பயணச் சலுகை அட்டை வழங்கிய நாளையே பணியில் சேர்ந்த நாளாகத் தங்கள் கணினி எடுத்துக்கொண்டுள்ளது. அதாவது, எழுபத்து மூன்று வயதில், சென்ற ஆண்டு மார்ச்சில் நான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன்! அந்த ஜனவரியில் பயிற்சிக்கு வந்தவர்கூட எனக்கு மூத்தவர். தங்கள் கையேட்டின் ஒன்பதாம் விதியோ, கணவரின் பணிமூப்பு மனைவிக்குத் தொடரும் என்கிறது. அதன்படி நான் இரண்டாவது. இன்னும் ஓர் இருக்கை விற்றாலும் எனக்கு இடம் உண்டு.

4. சென்ற வாரம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது தங்கள் அலுவலகப் பெண், “டென்ஷன் ஆகாதீங்க பாட்டி, லக் இருந்தா கிடைக்கும்” என்றார். நான் அவருக்குப் பாட்டி அல்ல. வரிசையும் அதிர்ஷ்டம் அல்ல. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். வரிசையில் யாரையும் முந்தியதில்லை, என் இடத்தை விட்டதுமில்லை.

5. அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பெட்டியை இருமுறை அடுக்கிப் பிரித்தாயிற்று. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பட்டியலைப் பார்க்கப் போகிறேன். பால் பொங்கி வழிகிறது, பட்டியல் அசைவதில்லை.

6. சொகுசுக்காகக் கேட்கவில்லை. “முப்பத்தோரு வருஷமா சீட்டுக்கு அடியிலயே படுத்துக் கிடந்தாச்சு. ஒரு தடவையாவது மேல உக்காந்து போகணும், நீயும் வா” என்பார் அவர். இருமுறை இடம் கிடைத்தது. பட்டியலில் அடுத்து நின்ற கைக்குழந்தைக்காரிக்கு ஒருமுறையும், காலில் கட்டுப் போட்டிருந்தவருக்கு ஒருமுறையும் விட்டுக்கொடுத்துவிட்டார். வழி நெடுக நான் அவரோடு பேசவில்லை. அவர் கைபட்ட இருக்கைகள் உள்ள கடைசி விமானம் இது. மாத இறுதியில் சேவையிலிருந்து விலக்கப்படுவதாக அறிகிறேன்.

7. ஆகவே வியாழக்கிழமை மதியத்துக்குள் தேதியைத் திருத்தி, எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன். ‘இல்லை’ என்றாலும் தாங்கிக்கொள்வேன். ‘வாய்ப்பு உண்டு’ என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

8. ஒன்று விடுபட்டது. இரண்டாம் வரிசை ஜன்னல் இருக்கையின் சாய்வுப் பொத்தான் சிக்கிக்கொள்ளும். சற்று மேலே இழுத்துவிட்டு அழுத்த வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அங்கே வேறு யாரேனும் அமர நேர்ந்தால், தயவுசெய்து அவரிடம் தெரிவிக்கவும்.

பதிலை எதிர்நோக்கி,

(கையொப்பம்)
ஊழியர் எண் 4417-இன் மனைவி

நாள்: 11, செவ்வாய்க்கிழமை
இடம்: என் வீடு, பெட்டியருகே