வரலாம் என்று மட்டும் சொன்னவனுக்கு

மாப்ள,

இன்று மாலை புழுக்கொட்டகை வாசலில் கரி அடுப்பைப் பற்ற வைத்தேன். உள்ளே கொண்டு போவதற்காக அல்ல. அந்த அளவுக்குக் குளிர் இன்னும் வரவில்லை. ஐப்பசி மழையில் கரி நமுத்துப் போயிருக்குமோ என்று பார்ப்பதற்காகத்தான். பட்டுப்புழுவுக்குப் புகை ஆகாது என்பதால் கரியை வெளியிலேயே எரியவிட்டு, புகை முழுக்க அடங்கிக் கனல் மட்டும் நின்ற பிறகே அடுப்பைக் கொட்டகைக்குள் தூக்குவோம். அந்த முதல் புகை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். தலையில் குரங்குக் குல்லா, ஒரு கையில் போன், பின்னால் நின்றபடி உறுமும் உன் பழைய மொபெட்.

உள்ளே புழுவுக்கு மல்பெரித் தழை போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி செல்வி, "பாய் அண்ணன் வந்த மாதிரி இருக்குதுங்க" என்றாள். உனக்குக் கரிப்புகை வாசமா என்று கோபித்துக்கொள்ளாதே. கடை முழுக்க புது ரப்பர் நாறும்போது அத்தர் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நீ. ஆனாலும் என் வீட்டில் உன் வாசம் இதுதான்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து உன்னைத் தெரியும். அப்போதெல்லாம் வானத்தைப் பார்க்கிற ஆள் இல்லை நீ. அப்பா விட்டுப்போன செருப்புக்கடையில் உட்கார்ந்து, மழை வந்தால் ரப்பர் செருப்பு, வெயில் வந்தால் தோல் செருப்பு என்று எதை முன்னால் மாட்டுவது என்பதற்காகப் போனில் வானிலை பார்க்க ஆரம்பித்தாய். அதற்குப் பிறகு எப்படியோ வங்காள விரிகுடாவைத் தாண்டி, இமயமலையைத் தாண்டி, வடதுருவத்துக்கே போய்விட்டாய். தொப்பூர் கணவாயில் பஸ் இறங்குவதற்குள் வாந்தி எடுக்கிற மனுஷன், கல்லாவில் உட்கார்ந்தபடி பனிப்பிரதேசத்தில் சுற்றிக்கொண்டிருப்பான். எதிரில் வாடிக்கையாளர் நின்று, "பாய், ஒம்பதாம் நம்பர் இருக்குதுங்களா?" என்று கேட்பார். நீ நிமிர்ந்து பார்க்கும்போது உன் முகத்தில் ரொம்ப தூரத்திலிருந்து திரும்பி வந்த களை இருக்கும். எட்டாம் நம்பரை எடுத்துக் கொடுப்பாய்.

அப்படித்தான் 'நம்ம ஊர் வானம்' என்று அந்த வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினாய். சுற்று வட்டாரத்தில் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள், தக்காளி போடுகிறவர்கள் எல்லாரையும் சேர்த்தாய். தூறல், காற்று, பனி என்று எதையும் விடமாட்டாய். உன் செய்திகளில் ஒரே ஒரு குறைதான். நீளம். ஆதியிலிருந்து தொடங்கி, காரணத்தையெல்லாம் சொல்லி முடித்து, கடைசி வரியில்தான் நமக்கு வேண்டிய விஷயத்துக்கு வருவாய்.

அந்த மார்கழியை எப்படி மறப்பேன்? மேகமூட்டமாகவே போய்க்கொண்டிருந்தது, குளிர் என்று சொல்லவே ஒன்றும் இல்லை. நான் மல்பெரித் தோட்டத்தோடு நின்றுகொள்வதென்றும், கொட்டகைக்குள் எல்லாம் அவள் பொறுப்பு என்றும் சொல்லி, செல்வி முதல் முறையாகத் தானே, இளம்புழு முதல் கூடு வரை, ஒரு பட்டம் புழு வளர்க்க இறங்கியிருந்தாள். இளம்புழு வந்து இறங்கிய மறுநாள் உன் செய்தி வந்தது. முதல் வரி இதுதான்: "வடதுருவத்துக்கு மேலே வெகு உயரத்தில் காற்று திடீரென்று சூடாகிவிட்டது." அதற்குக் கீழே நீ எழுதியிருந்ததெல்லாம் 'மேலும் படிக்க' என்பதற்குள் ஒளிந்துகொண்டது. அதைத் தொட்டுத் திறந்தவர் ஒருவரும் இல்லை. சூடாகிவிட்டது என்று ஊரே படித்தது, குளிர் இனி இல்லை என்று ஊரே முடிவு செய்தது. கட்டை விரல் படமாகப் போட்டுத் தள்ளினார்கள். செல்வி ஒரு படி மேலே போனாள். அடுப்பைப் பரணில் ஏற்றிவிட்டு, கரி மூட்டையைத் தெருவில் இஸ்திரி போடுகிறவரிடம் கொடுத்துவிட்டாள்.

அதோடு விட்டாளா? மறுநாள் சந்தைக்கு வந்தவள் உன் கடையில் ஏறி, நல்ல சேதி சொன்னீர்கள் அண்ணா என்று நன்றியும் சொன்னாள். உன் முகம் செத்துப்போனதாக அவள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். செருப்புப் பெட்டிகளை அப்படி அப்படியே போட்டுவிட்டு ஷட்டரை இழுத்தாய். சந்தை நாளில் கடையை அடைத்த ஒரே வியாபாரி அந்த வட்டாரத்தில் நீயாகத்தான் இருப்பாய்.

நேராக என் தோட்டத்துக்கு வந்து, ஏறு என்றாய். குழுவில் இன்னொரு செய்தி போட்டால் போதாதா என்று கேட்டேன். "அதையும் மொத வரியோட மூடிருவாங்கடா" என்றாய். அந்தப் பகல் முழுக்க உன் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கொட்டகையாக வந்தேன். குண்டு குழியில் என் இடுப்பு போனது தனிக்கதை.

முதல் வீட்டில் நீ சொன்னது ஒருவருக்கும் புரியவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். ஸ்ட்ராட்டோஸ்பியர் என்றாய், ஜெட் காற்று என்றாய். அந்த வீட்டுக்காரர் நீ ஏதோ தவணைத் திட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்ததாக நினைத்து மோர் கொடுத்து அனுப்பினார். வீடு வீடாகப் போகப் போகத்தான் உனக்குப் பேச்சு சுருங்கியது. மூன்றாவது நான்காவது வீட்டுக்கு வரும்போது ஆட்டுப்பட்டிக் கதையைப் பிடித்துவிட்டாய்.

பனிக்காலம் முழுக்க வடதுருவத்தில் வெயிலே படாது, குளிர்ந்த காற்று அங்கேயே சேர்ந்து கிடக்கும், அதுதான் ஆடு. அதைச் சுற்றி மேலே ஒரு பலத்த காற்று விடாமல் வட்டம் அடிக்கும், அதுதான் பட்டி. சில வருஷம் கீழேயிருந்து, மலையிலும் நிலத்திலும் மோதிய காற்றலைகள் மேலே ஏறிப் போய் அந்த வட்டத்தை இடிக்கும். வட்டம் தளர்ந்து, மேலே இருக்கிற காற்று கீழே இறங்கி அமுங்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுகிறதே, அப்படி அமுங்குகிற காற்று சூடாகும். "அப்ப அந்தச் சூடு பட்டி ஒடைஞ்சதுக்கு அடையாளம்ங்க" என்றாய். பட்டி உடைந்தால் ஆடு உடனே கிளம்பாது, கொஞ்ச நாள் கழித்துத்தான் தெற்கே இறங்கும். அமெரிக்காவில் மேயலாம், ஐரோப்பாவில் மேயலாம், நம் வடநாட்டுப் பக்கமும் வரலாம். சில தடவை எங்குமே போகாமல் நின்றுவிடவும் செய்யும். மேலே சூடு ஏறினால் கீழே குளிர் இறங்கும் என்கிற அந்தத் தலைகீழ்க் கணக்கு எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது.

மேற்குத் தோட்டத்து மாதையன் அண்ணன் எதற்கும் லேசில் மசியாத ஆள் என்று உனக்குத் தெரியாதா? முழுவதையும் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஆடு கதையெல்லாம் இருக்கட்டும் பாய். நம்மூருக்குக் குளுரு வருமா, வராதா? ஒரே வார்த்தையில சொல்லு."

"வரலாம்ங்கண்ணா."

"இது ஒரு பதிலா?"

"அடுப்ப எடுத்து வெக்கறதுக்கு இது போதும்ங்கண்ணா. கரி வூட்ல கெடந்தா கெட்டா போவுது?"

அவர் மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வரும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை பேரும் அடுப்பை இறக்கிவிடுவார்கள். குளிரில் புழு சுணங்கித் தழை தின்னாமல் கிடந்தால் போச்சு, நோய் தட்டுக்குத் தட்டு தாவும். செல்வியின் முதல் பட்டம் அது. அவள் ராத்தூக்கம் இல்லாமல் பார்க்கிற புழு. வரும் என்று சொல்லித் தொலையேன்டா என்று உன் காதில் கத்தினேன்.

நீ வண்டியை ஓரமாக நிறுத்தினாய். "நமக்கும் அந்தத் துருவத்துக்கும் எவ்ளோ தூரம்டா? அதோட குளுரு இங்க வரைக்கும் வருதான்னு படிச்சவங்களுக்கே உறுதி கெடையாது. நான் வரும்னு சொல்லி, அது வரலைன்னா, அடுத்த தடவ நான் சொல்றப்ப ஒருத்தனும் அடுப்பத் தொட மாட்டான்." அப்புறம் வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "எனக்குத் தெரிஞ்சது வரலாம்ங்கற வரைக்குந்தான். அதத்தான் சொல்லுவேன்" என்றாய்.

செல்வி அன்றைக்கே இஸ்திரிக்காரரிடம் போய், கொடுத்த கரியைத் திருப்பிக் கேட்டாள். அவர் வயிறெரிந்து திட்டிக்கொண்டே மிச்சத்தைக் கொடுத்தார். பாதிப் பேர் அடுப்பை இறக்கினார்கள், நம்பிக்கையால் அல்ல, உன் தொல்லை தாங்காமல். அதற்குப் பிறகு நாளுக்கு நாள் வெயில் அடித்தது. கடை வாசலில் போகிறவன் வருகிறவன் எல்லாம், "பாய், உங்க ஆடு எங்க மேயுது?" என்று கேட்டான். நீ தலையாட்டிச் சிரித்துவிட்டுச் செருப்புக்கு அளவு பார்த்தாய். எனக்குத்தான் கேட்டுக்கொண்டு நிற்கக் கூசியது.

பொங்கல் வந்தது. வெளிநாட்டில் எங்கெங்கோ பனி கொட்டிக் கார்களை மூடியிருக்கிற படங்கள் போனில் வந்தன. வடநாட்டில் ரயில்கள் பனிமூட்டத்தில் நின்றன. பிறகு ஒரு நாள் விடியும்போது எங்கள் கொட்டகை வாசலில் எதிரே இருக்கிற தென்னையைக் காணோம். பல் கிட்டுகிற குளிர். செல்வியின் புழு கடைசிப் பருவத்தில், நாளெல்லாம் தின்னவேண்டிய நேரத்தில், தழைமேல் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது. அவள் அழுதுகொண்டே கரியை ஊதினாள். புகை அடங்கும்வரை பொறுக்கமாட்டாமல் தவித்தாள். அடுப்பு உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் ஒரு ஓரத்தில் கறுக்கென்றது. பிறகு பக்கத்துத் தட்டில். பிறகு கொட்டகை முழுக்க, ஓட்டின்மேல் தூறல் விழுகிற மாதிரி, தழை தின்னும் சத்தம். செல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

புழு கூடு கட்டி முடிந்ததும் ஊரில் உன்னைத் தூக்கி வைத்துக் கொண்டாட ஆள் கூடியது. செல்வி சாமந்தி மாலையே வாங்கிக்கொண்டு வந்தாள். நீ என்ன செய்தாய்? மாலையை வாங்கிக் கல்லாமேல் வைத்துவிட்டு, "வந்தது அந்த ஆடுதானான்னு எனக்குத் தெரியாதுங்க. நம்மூர்ல மானம் தெளிஞ்சு காத்து நின்னாலே விடியகாலைல குளுரத்தான் செய்யும்" என்றாய். கூட்டம் ஏமாந்து போய்க் கலைந்தது. மாலை போடப் போனால் ஆடு யாருடையது என்று பஞ்சாயத்து வைக்கிறார் என்று செல்வி வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். எனக்கும் அன்றைக்கு உன்மேல் வருத்தம்தான். கிடைக்கிற பெருமையைக் கூட வேண்டாம் என்று சொல்ல இவனுக்கு என்ன கேடு என்று நினைத்தேன். ஆனால் ஒன்று கவனித்தேன். அதற்குப் பிறகு உன் செய்திகளை எல்லாரும் கடைசி வரி வரைக்கும் திறந்து படித்தார்கள். நீயும் கடைசி வரியை முதல் வரியாகப் போடக் கற்றுக்கொண்டாய்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்த நாள் ஞாபகம் வருகிறது. உன் மகன் டாக்டரிடம், அத்தாவுக்குச் சரியாகிவிடுமா என்று கேட்டான். டாக்டர் சற்று யோசித்துவிட்டு, ஆகலாம் என்றார். அவன் முகம் வாடிவிட்டது. நீ மட்டும் என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டி, "பாத்தியாடா, டாக்டரு நம்ம கட்சி" என்றாய். டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய் அழுதேன். திரும்பி வந்ததும் என் கண்ணைப் பார்த்து, டீ அவ்வளவு காரமா என்று கேட்டாய். உன்னை என்ன செய்வது?

நீ இல்லாமல் வருகிற முதல் பனிக்காலம் இது. உன் வீட்டுக்காரத் தங்கச்சி உன் போனிலிருந்து என்னைக் குழுவுக்கு அட்மின் ஆக்கிவிட்டது. நீ போன பிறகு அதில் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் தவிர வேறொன்றும் வந்ததில்லை. நேற்று நீ பார்க்கிற அதே பக்கங்களைத் துழாவிக்கொண்டிருந்தேன். வடதுருவத்துக்கு மேலே மறுபடியும் சூடு ஏறுகிறதாம். உனக்குச் சொல்லவேண்டும் என்று கை தானாக உன் பெயரைத் தேடியது. பிறகு குழுவைத் திறந்து, ரொம்ப நேரம் யோசித்து, எழுதிப் போட்டேன். "நம்மூருக்குக் குளிர் வரலாம். அடுப்பும் கரியும் எடுத்து வையுங்கள்." காரணம் வேண்டியவர்கள் கொட்டகைக்கு வாருங்கள், டீ தருகிறேன் என்றும் சேர்த்தேன்.

இப்போது கனல் நன்றாகப் பிடித்துவிட்டது. கரி நமுக்கவில்லை. கொட்டகையில் செல்வியின் புழு தின்றுகொண்டிருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் சத்தம் போட்டது. குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் கேட்டிருக்கிறான்: "வருமா வராதாங்க? கரெக்டா சொல்லுங்க." எனக்கு ஒரு கணம் கை துறுதுறுத்தது. வரும் என்று அடித்தும் விட்டேன், மாப்ள. அனுப்புவதற்கு முன்னால் அழித்தேன். சரியான வார்த்தையை அடிக்கப் போவதற்குள் எனக்கு முன்னால் பதில் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக அந்தக் குழுவில் ஒரு வார்த்தை எழுதாத மாதையன் அண்ணன் எழுதியிருக்கிறார்.

"வரலாம் தம்பி. அடுப்ப எடுத்து வெக்கறதுக்கு அது போதும்."