நந்திதாவின் கறுத்த கடைவாய்ப்பல்

லோகா,

அரிசிம்பருப்பு சாதம் குக்கரில் இருக்கிறது. நந்திதாவைத் துடியலூருக்குப் பல் பிடுங்கக் கூட்டிப் போகிறேன்.

நீ டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்காதே. "துளை போடாம மருந்து தடவுனாலே சொத்தை நின்னுபோகுமின்னீங்க, ஒரு வருசங்கூட தாங்கலீங்களே!" என்று நேற்று நீ சமையலறையில் ஒத்திகை பார்த்தது கேட்டது.

மருந்து தாங்கியது, லோகா. மருந்து பட்ட சொத்தை கறுத்து, இறுகி, அப்படியே நின்றிருந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி தடவ வரச் சொன்னார்கள். நான் கூட்டிப் போகவே இல்லை.

காரமடைக் காதுகுத்தில் என் அக்கா, "ஏங்கண்ணு, பல்லுல தார் ஊத்திப்போட்டாங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். ஊரையே கிண்டல் பண்ணுகிற எனக்கு அன்று ரோசம் வந்துவிட்டது. மறுபடி தடவினால் இன்னும் கறுக்குமே என்று பயந்து, ஆஸ்பத்திரிக்குப் பதில் ஐஸ்கிரீம் கடைக்குப் போனோம். மருந்து தடவியாயிற்று என்று உன்னிடம் சொன்னேன். சொத்தைப் பல்லுக்கு ஐஸ்கிரீம் வைத்தியம் பார்த்த மேதை உன் புருசன்தான்.

கிருபா

பி.கு.: நந்திதாவைத் திட்டாதே. பொய் சொல்லிக் கொடுத்தது நான். இப்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொல்கிறாள்: "பல்லுப் போனாப் போகுதுங்கப்பா. அம்மாகிட்டச் சொல்லிராதீங்க, உங்களத்தான் வைவாங்க."